பனியின் மேல் படிந்த பனி: ஒரு பனிச்சரிவில் சிக்கி மீண்ட அனுபவம்

அந்தப் பனிச்சரிவு விபத்து ஜனவரி மாதக் கடைசி வாரத்தில் ஒரு முற்பகலில் நடந்தது. ஆனால் அது உருவாகத் தொடங்கியது டிசம்பரில். குளிர்காலத்தின் தொடக்கத்தில் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் பனி பெய்து மலையை மூடியது. அதன் பிறகு இரண்டு வாரங்களுக்கு மேல் வானம் மேகமின்றிக் கிடந்தது. இரவுகளில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி வரை இறங்கியது. மலைக்குச் செல்பவர்கள் அனைவரும் அந்த நாட்களை நல்ல வானிலை என்றே சொன்னோம். மெல்லிய அந்தப் பனிப் போர்வைக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைப் பயிற்சி வகுப்பில் நான் படித்திருந்தேன். ஆனால் படித்த அந்தப் பாடத்தையும், அடுத்து நாங்கள் ஏறப்போகும் மலையையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

தரையை ஒட்டியுள்ள பனி, பூமியின் வெப்பத்தால் பெரும்பாலும் பூஜ்ய டிகிரிக்கு அருகிலேயே இருக்கும். மேற்பரப்போ இரவுக் காற்றைப் போலக் கடுங்குளிராக இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள வேறுபாடு 10 சென்டிமீட்டருக்கு 1 டிகிரி என்ற அளவைத் தாண்டினால், பனிக்குள் நீராவி கீழிருந்து மேலே வேகமாக நகரத் தொடங்குகிறது. உருண்டையான பனித்துகள்கள் ஆவியாகி, முனைகளும் பட்டைகளும் கொண்ட படிகங்களாக மறுபடி உறைகின்றன. அந்தப் படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. கையில் அள்ளினால் சர்க்கரையைப் போல விரலிடுக்கில் வழிந்துவிடும். 60 சென்டிமீட்டர் பனிக்கு 20 டிகிரி வேறுபாடு என்றால், அந்த எல்லையைப் போல மூன்று மடங்குக்கும் மேல். பனி குறைவாகப் பெய்த ஆண்டில் ஆபத்தும் குறைவு என்று புதியவர்கள் நினைப்பது இயல்பு. உண்மை பெரும்பாலும் அதற்கு நேர்மாறானது. போர்வை மெல்லியதாக இருக்கும்போதுதான் இந்த மாற்றம் வேகமாக நடக்கிறது.

அதே தெளிந்த இரவுகளில் மேற்பரப்பில் இன்னொன்றும் நடந்தது. தமிழில் பனி என்ற ஒரு சொல்லே புல்நுனித் துளியையும், விடியற்காலைப் புகைமூட்டத்தையும், வானிலிருந்து பெய்யும் வெண்பனியையும் குறிக்கிறது. முன்பனி, பின்பனி என்று பருவத்தையே இரண்டாகப் பிரித்த மொழிக்கு, மலையில் கிடக்கும் பனியின் வகைகளைப் பிரித்துச் சொல்லத் தேவை ஏற்பட்டதில்லை. ஆயினும் இந்த ஒற்றைச் சொல்லே அன்றைய நிகழ்வை எனக்குத் தெளிவாக விளக்கியது. புல்லின் மேல் பனித்துளி எப்படிப் படிகிறதோ, அப்படியே கடுங்குளிரில் காற்றின் ஈரம் பனிப்பரப்பின் மேல் துளியாகாமல் நேரடியாக இறகு வடிவப் படிகமாகப் படிகிறது. அதாவது, பனியின் மேல் பனி பெய்வதில்லை, படிகிறது. காலை வெயிலில் அது கண்ணாடித் தூளைப் போல மின்னும். அதன் மேல் நடந்தால் மெல்லிய சலசலப்புக் கேட்கும். அழகு பார்த்துப் படம் எடுத்துக்கொண்டோம். இந்த இறகுகள் மேலே திறந்து கிடக்கும்வரை யாருக்கும் தீங்கில்லை. காற்றோ வெயிலோ அவற்றை அழிப்பதற்கு முன் அடுத்த பனிப்பொழிவு மூடிவிட்டால், நிமிர்த்தி வைத்த சீட்டுக்கட்டுகளின் மேல் பலகையை ஏற்றியது போல ஆகிவிடுகிறது நிலைமை.

அப்படித்தான் ஆனது. ஜனவரி மூன்றாம் வாரத்தில் இரண்டு நாட்கள் புயலுடன் 40 சென்டிமீட்டர் புதுப்பனி பெய்தது. காற்று தென்மேற்கிலிருந்து வீசியதால், முகட்டைத் தாண்டிய வடகிழக்குச் சரிவுகளில், காற்று மறைவில், பனி பெய்த அளவைவிட மிக அதிகமாகச் சேர்ந்தது. வானிலிருந்து விழுவதைப் போலப் பத்து மடங்கு வேகத்தில்கூடக் காற்று பனியை ஓரிடத்தில் கொண்டுவந்து குவிக்கும். அப்படிக் குவிகிற பனித்துகள்கள் காற்றில் உடைந்து நொறுங்கி, நெருக்கமாக அடுக்கப்பட்டு, ஒரே துண்டாக இறுகிய பாளமாகின்றன. மேலே இறுகிய பாளம், கீழே ஒட்டாத படிகங்களாலான பலவீன அடுக்கு, அடியில் போதுமான சாய்வு: பாளச் சரிவுக்கு வேண்டிய மூன்றும் தயாராக இருந்தன. நான்காவதாகத் தேவைப்பட்டது ஒரு தூண்டுதல். மனிதர்கள் சிக்கும் பனிச்சரிவுகளில் பத்தில் ஒன்பதை, சிக்கியவரோ அவருடன் வந்தவரோதான் தூண்டுகிறார் என்பது இந்தத் துறையில் எல்லோரும் அறிந்த செய்தி. அந்தத் தூண்டுதலாக நாங்கள் சென்றோம்.

நாங்கள் நால்வர். மூத்தவருக்கு, ஸ்கீ என்னும் பனிச்சறுக்குப் பலகையில் மலையேறுவதில் 18 குளிர்காலங்களின் அனுபவம் உண்டு. நாங்கள் மூவரும் அவரை அண்ணன் என்றே அழைப்போம். மற்றொருவர் மருத்துவரான தோழி. எங்களில் இளையவனுக்கு அது இரண்டாவது குளிர்காலம். எனக்கு ஐந்தாவது. காலையில் பனிச்சரிவு முன்னறிவிப்பைப் படித்தோம்: ஐந்து நிலைகளில் மூன்றாம் நிலை, வடக்கு முதல் கிழக்கு வரை நோக்கிய சரிவுகளில், மர எல்லைக்கு மேலே, புதைந்த பலவீன அடுக்கு இருக்கிறது என்று தெளிவாகவே எழுதியிருந்தார்கள். ஐந்தில் மூன்று என்பதை நான் மனத்துக்குள் 'நடுத்தரம்' என்று மொழிபெயர்த்துக்கொண்டேன். ஐரோப்பிய நாடுகள் 1993-இல் இந்த ஐந்து நிலை அளவுகோலை ஒருமித்து ஏற்றபோது, நிலைகள் சமமான படிகளாக அமையவில்லை. ஒவ்வொரு நிலையிலும் ஆபத்து பன்மடங்காக உயர்கிறது. மூன்றாம் நிலையில் செங்குத்தான சரிவுகளில் ஒரே ஒருவரின் எடைகூடப் பாளத்தை உடைக்கப் போதுமானது. சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவில் இறப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இந்த மூன்றாம் நிலை நாட்களில்தான் இறக்கிறார்கள். நான்காம், ஐந்தாம் நிலைகளில் மக்கள் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். மூன்றாம் நிலையில் கிளம்பிவிடுகிறார்கள், எங்களைப் போல.

ஒன்பது மணிக்கு, பள்ளத்தாக்கின் எதிர்ப்புறத்தில், நாங்கள் செல்லவிருந்த அதே திசை நோக்கிய ஒரு சரிவில், முந்தைய நாள் விழுந்த பனிச்சரிவின் உடைகோட்டைக் கண்டோம். கத்தியால் வெட்டியது போல நேர்க்கோடாக அது மலையின் குறுக்கே ஓடியது. பனிச்சரிவுக்கு மிக நம்பகமான எச்சரிக்கை, அருகில் விழுந்த இன்னொரு பனிச்சரிவே. அது எதிர்மலை, அங்கே சாய்வு அதிகம் என்று பேசிக்கொண்டோம். பத்து மணி அளவில், மரங்கள் முடியும் இடத்தில் இருந்த சமதளத்தைக் கடக்கும்போது, காலடியில் 'வும்ம்' என்று அடங்கிய ஓசை கேட்டது. பரப்பு முழுவதும் ஓர் அங்குலம் தாழ்ந்ததை உடம்பு உணர்ந்தது. புதைந்த பலவீன அடுக்கு எங்கள் எடையில் நொறுங்கி, அந்த முறிவு எல்லாத் திசைகளிலும் பரவியபோது எழுந்த ஓசை அது. அந்தத் தளம் மட்டமாக இருந்ததால் மட்டுமே நாங்கள் நின்ற இடத்திலேயே நின்றோம். கால் மணி நேரம் கழித்து, என் ஸ்கீயின் முனையிலிருந்து ஒரு விரிசல் ஐந்தாறு மீட்டர் நீளத்துக்கு ஓடியது. மூன்று எச்சரிக்கைகள். இவற்றில் எந்த ஒன்றைக் கண்டாலும் செங்குத்தான சரிவை விட்டு விலக வேண்டும் என்பது முதல் நாள் பாடம். மூன்றையும் கண்ட பிறகு நாங்கள் செய்தது, குழி தோண்டி ஒரு சோதனை செய்து பார்த்தது.

அந்தச் சோதனையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எங்களை ஏமாற்றியது அதுதான். இன்னும் பலரை அது ஏமாற்றுவதைப் பார்க்கிறேன். சரிவின் குறுக்கே 90 சென்டிமீட்டர், சரிவை நோக்கி 30 சென்டிமீட்டர் அளவில் ஒரு பனித்தூணைத் தனியாக வெட்டி, அதன் ஒரு முனையில் மண்வெட்டியை வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து என்று தட்டுவார்கள். முறிவு தட்டிய முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே வீச்சில் ஓடினால், அந்தப் பனி சரிவாக விழக்கூடியது என்று பொருள். எங்கள் தூணில் 30 தட்டுகளுக்குப் பிறகும் முறிவு ஓடவில்லை. எல்லோர் முகத்திலும் நிம்மதி தெரிந்தது. ஆனால் நாங்கள் தோண்டிய இடம் முகட்டின் தோளை ஒட்டிய, தோண்டுவதற்கு வசதியான, காற்று அடிக்கும் இடம். அந்த இறகுப் படிகங்களைக் காற்று அங்கே என்றோ அழித்துவிட்டிருந்தது. நூறு மீட்டர் தள்ளிக் காற்று மறைவில், நாங்கள் ஏறவிருந்த சரிவில் அவை அப்படியே நின்றன. சோதனை மோசமான முடிவைத் தந்தால் அதை நம்பித் திரும்ப வேண்டும். நல்ல முடிவைத் தந்தால் அது அந்தக் குழி இருந்த அரைச் சதுர மீட்டரைப் பற்றிய செய்தி மட்டுமே. செல்வதற்கு அனுமதி தேடி ஒருபோதும் குழி தோண்டக் கூடாது. போகலாம் என்று மனம் முடிவெடுத்துவிட்ட பிறகு தோண்டிய குழி அது.

இன்னொன்றும் எங்களை இழுத்தது. அந்தச் சரிவில் ஏற்கெனவே இருவர் ஏறிச் சென்ற தடம் இருந்தது. தோழி தயங்கி, "அண்ணா, காலையில கேட்ட அந்தச் சத்தம்…" என்று தொடங்கினார். "தடம் இருக்கேம்மா, ரெண்டு பேரைத் தாங்கியிருக்கு" என்றார் அண்ணன். தோழி மேலே பேசவில்லை. எனக்கும் அதே தயக்கம் இருந்தது. அவரே பேசாமல் இருக்கும்போது நான் என்ன சொல்வது என்று இருந்துவிட்டேன். பலவீன அடுக்கு எல்லா இடத்திலும் ஒரே ஆழத்தில் இருப்பதில்லை. பாளம் தடிமனாக உள்ள இடத்தில் பத்துப் பேர் கடந்த பிறகு, பாளம் மெலிந்த ஓரிடத்தை மிதிக்கும் பதினோராமவர் அதை உடைக்கலாம். முந்தையவர் தடம் அவர் தப்பித்தார் என்பதைத் தவிர வேறெதையும் சொல்வதில்லை. அமெரிக்காவில் 1972 முதல் 2003 வரை நடந்த 715 பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்த இயன் மக்கேமன், பயிற்சி பெற்றவர்களே கண்ணெதிரே தெரிந்த அறிகுறிகளைக் கடந்து சென்று சிக்கியிருப்பதைக் கண்டார். பழகிய இடம் என்ற நம்பிக்கை, எடுத்த முடிவைக் கைவிட மனமின்மை, குழுவில் மூத்தவர் மீதான மரியாதை, பிறர் சென்றிருக்கிறார்கள் என்ற ஆறுதல் ஆகியவற்றை அவர் காரணங்களாகக் காட்டினார். அண்ணனின் மேல் எந்தக் குறையும் சொல்ல நான் இதை எழுதவில்லை. 18 ஆண்டுகளில் அவர் எத்தனையோ சரிவுகளைக் கடந்து பத்திரமாக வந்திருக்கிறார். அவற்றில் எத்தனை உறுதியாக இருந்தன, எத்தனை நூலிழையில் தாங்கின என்பதை எந்த மலையும் அவரிடம் சொன்னதில்லை. தவறான முடிவு எடுத்தவருக்கும் மலை பெரும்பாலான நாட்களில் நல்ல பயணத்தையே தருகிறது. அனுபவம் இந்த ஒரு துறையில் தவறான ஆசிரியராகவும் இருக்கக்கூடும் என்பதை அவரே பின்னர் என்னிடம் சொன்னார்.

சரிவு ஏறத்தாழ 80 மீட்டர் நீளம். ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டுக் கடப்பது என்று முடிவு செய்தோம். அது ஒன்றுதான் அன்று நாங்கள் சரியாகச் செய்தது. அண்ணன் கடந்து மேலே கணவாயை அடைந்தார். தோழி அடைந்தார். நான் பாதித் தூரம் ஏறியிருந்தபோது மணி 11:40. முதலில் ஓசை கேட்டதா, பரப்பு உடைவதைக் கண்டேனா என்று இப்போது சொல்ல முடியவில்லை. எனக்கு மேலே 30 மீட்டர் தொலைவில் ஒரு கோடு தோன்றியது. அதற்குக் கீழே இருந்த பனி முழுவதும், நான் நின்ற இடமும் சேர்ந்து, ஓடுகள் நொறுங்குவது போலத் துண்டு துண்டாகி நகரத் தொடங்கியது. நீச்சலடிக்க வேண்டும், முகத்துக்கு முன்னால் கையை வைக்க வேண்டும் என்றெல்லாம் பயின்றிருந்தேன். கால்களை ஸ்கீகள் நங்கூரம் போல உள்ளே இழுக்க, நான் செய்ய முடிந்தது மிகக் குறைவு. பாளம் அரை மீட்டர் தடிமன், 70 மீட்டர் அகலம். பின்னர் கணக்கிட்டுப் பார்த்தேன்: நகர்ந்த பனியின் எடை ஏறத்தாழ 400 டன். அதன் ஓரத்தில் இருந்ததால் 40 மீட்டர் இழுக்கப்பட்டு, இடுப்பு வரை புதைந்து நின்றேன். நின்ற கணமே பனி இறுகிவிட்டது. ஓடும்போது நீர் போல இருக்கும் பனி, நின்றவுடன் சிமென்ட் போல ஆகிவிடும் என்பதை எத்தனை முறை படித்தாலும், காலை அசைக்க முடியாமல் நிற்கும்போதுதான் அதன் பொருள் விளங்குகிறது.

இளையவன் சரிவில் கால் வைக்கவே இல்லை. கீழே ஓர் ஓடையின் குழிவில், காற்றுக்கு மறைவாக நின்று, ஸ்கீயின் அடியில் ஒட்டும் ஸ்கின்னைச் சரிசெய்துகொண்டிருந்தான். சரிந்த பனி முழுவதும் அந்தக் குழிவுக்குள்தான் சென்று விழுந்தது. அவனை அங்கே நிற்கச் சொன்னது நான். அகலமான சமவெளியில் பரவிக் கிடந்திருந்தால் அந்தப் பனி முழங்கால் அளவுகூட இருந்திருக்காது. குறுகிய குழிவில் அது இரண்டு மீட்டருக்கு மேல் குவிந்தது. சிறிய பனிச்சரிவுகூட ஓடைக் குழிவிலும், பாறை விளிம்புக்கு மேலும், மரக்கூட்டத்துக்குள்ளும் உயிரைக் குடிக்கும். பனிச்சரிவின் அளவைவிட, அது எங்கே கொண்டுபோய்த் தள்ளும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். காத்திருக்கும் இடமும் பயணத்தின் ஒரு பகுதியே என்பதை நாங்கள் மறந்திருந்தோம்.

நால்வரிடமும் பீக்கன், துழாவு கம்பி, பனி மண்வெட்டி மூன்றும் இருந்தன. பீக்கன் என்பது 457 கிலோஹெர்ட்ஸ் அலையில் ஒலிபரப்பும் கருவி. தேடும்போது அதைப் பெறும் நிலைக்கு மாற்ற வேண்டும். நான் பனியிலிருந்து என்னை விடுவித்துக்கொண்டு கருவியை மாற்றியபோது, அம்புக்குறி மலைக்கு மேலே காட்டியது. அங்கே சென்றேன். கணவாயிலிருந்து இறங்கி ஓடிவந்த தோழி, பதற்றத்தில் தன் கருவியை மாற்ற மறந்திருந்தார். நான் தேடி அடைந்தது அவரை. ஏறத்தாழ இரண்டு நிமிடங்கள் அங்கே போயின. அண்ணன்தான் சத்தமாக, "எல்லாரும் தேடும் நிலைக்கு மாத்துங்க" என்று ஒவ்வொருவர் பெயரையும் அழைத்துப் பதில் வாங்கினார். அதன் பிறகு அம்புக்குறி கீழே, குழிவை நோக்கித் திரும்பியது. மேலே இன்னும் தொங்கும் பனி விழக்கூடுமா என்று அவர் ஒரு முறை நிமிர்ந்து பார்த்ததையும் நினைவில் வைத்திருக்கிறேன். மீட்க வந்தவர்கள் இரண்டாம் பனிச்சரிவில் சிக்குவதும் நடக்கும்.

கருவியின் எண் 3 மீட்டருக்குக் கீழே இறங்கியதும் வேகத்தைக் குறைத்து, கருவியைப் பனிப்பரப்பை ஒட்டி வைத்து, திருப்பாமல், நேர்க்கோடாக நகர்த்தி, மிகச் சிறிய எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். 1.2 என்று காட்டிய இடத்திலிருந்து கம்பியைப் பரப்புக்குச் செங்குத்தாக, 25 சென்டிமீட்டர் இடைவெளியில், சுருள் வடிவில் குத்தினோம். நான்காவது குத்தில், தரையின் கடினமும் பனியின் தடையும் இல்லாத, மெத்தென்ற ஒரு எதிர்ப்பு கையில் தெரிந்தது. கம்பியை உருவாமல் அங்கேயே விட்டோம். அப்போது ஆறாவது நிமிடம்.

மீதி ஐந்து நிமிடங்களும் தோண்டுவதிலேயே கழிந்தன. தேடுவதை எல்லோரும் பழகுகிறார்கள். தோண்டுவதைப் பழகுபவர் குறைவு. ஒரு மீட்டர் ஆழத்தில் இருப்பவரை வெளியே எடுக்க ஒரு டன்னுக்கு மேல் பனியை அப்புறப்படுத்த வேண்டியிருக்கும். கம்பிக்கு நேர் மேலே நின்று கிணறு தோண்டுவது போலத் தோண்டினால், அள்ளிய பனியை வெளியே வீச இடமிருக்காது. அதோடு, புதைந்தவரின் மூச்சுக்கு இருக்கும் சிறு இடத்தையும் நம் எடையால் மிதித்து மூடிவிடுவோம். சரிவின் கீழ்ப்பக்கமாக, புதைந்த ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் தள்ளித் தொடங்கி, பக்கவாட்டில் நுழைந்து செல்ல வேண்டும். முன்னால் ஒருவர் பனியைத் துண்டுகளாக வெட்ட, பின்னால் நிற்பவர் அதை வாரித் தள்ள, நிமிடத்துக்கு ஒரு முறை இடம் மாற்றிக்கொள்ள வேண்டும். முதலில் அவனுடைய கையுறை தெரிந்தது, பிறகு தலைக்கவசம். முகம் நீலம் பாய்ந்திருந்தது. வாயில் அடைத்திருந்த பனியைத் தோழி விரலால் எடுத்து, மூச்சுப்பாதையைத் திறந்து, வாயோடு வாய் வைத்து ஊதினார். ஐந்தாவது மூச்சில் அவன் இருமினான். மீட்புக் குழு 50 நிமிடங்களில் வந்தது. அவர்களை நம்பிக் காத்திருந்திருந்தால் அந்த 50 நிமிடங்கள் அவனுக்குக் கிடைத்திருக்காது.

சுவிட்சர்லாந்தில் 1981 முதல் 2020 வரையிலான பதிவுகளை வைத்து 2024-இல் வெளியான ஆய்வு ஒன்று, முழுவதும் புதைந்தவர்களைப் பத்து நிமிடங்களுக்குள் மீட்டால் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள் என்றும், அரை மணி நேரத்தில் அது பத்துக்கு மூன்றாகச் சரிகிறது என்றும் காட்டியது. அதற்கு முன் பதினைந்து நிமிடங்கள் என்று சொல்லிவந்தோம். அந்த அவகாசமும் சுருங்கிவிட்டது. எங்களுக்கு 11 நிமிடங்கள் ஆயின. கருவியை மாற்ற மறந்ததால் போன இரண்டு நிமிடங்கள் இல்லாவிட்டால் ஒன்பது. அந்தக் கணக்கை நான் இன்னும் போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

மீட்புக் குழுவினர் சரிவின் கோணத்தை அளந்தபோது 36 டிகிரி இருந்தது. நாங்கள் கண்ணால் பார்த்து 30 என்று மதித்திருந்தோம். பாளச் சரிவுகளில் மிகப் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரி வரை உள்ள சாய்வுகளில் விழுகின்றன. 38-ஐ ஒட்டிய கோணங்களே மிக மோசமானவை. இதில் ஒரு கொடுமை உண்டு: ஸ்கீயில் இறங்க மிக இன்பமான சாய்வும் அதுவே. பனியின் உள் அடுக்குகளை யாரும் முழுமையாக அறிய முடியாது. கோணத்தையோ கைபேசியிலுள்ள சாய்வுமானியாலும், வீட்டிலேயே வரைபடத்தின் உயரக்கோடுகளாலும் துல்லியமாக அறிந்துகொள்ளலாம். அறிய முடியாததை ஆராய்ந்து கொண்டிருந்த நாங்கள், எளிதில் அறியக்கூடியதை அளக்காமல் விட்டோம். இப்போது எங்கள் திட்டம் பனியிலிருந்து தொடங்குவதில்லை, வரைபடத்திலிருந்து தொடங்குகிறது. புதைந்த பலவீன அடுக்கு இருக்கிறது என்று முன்னறிவிப்பு சொன்னால், 30 டிகிரிக்கு மேற்பட்ட சாய்விலும் செல்வதில்லை, அப்படிப்பட்ட சாய்வின் கீழேயும் நிற்பதில்லை. கீழே என்பதை அழுத்திச் சொல்கிறேன். மட்டமான இடத்தில் நிற்பவரின் எடை தூண்டிய முறிவு, மேலே நூறு மீட்டருக்கு அப்பால் உள்ள சரிவை அவர் மேலேயே இறக்கிவிடும்.

புயலுக்குப் பிறகு இரண்டு நாள் காத்திருந்தால் போதும் என்ற பழைய விதியையும் நாங்கள் கைவிட்டோம். புதுப்பனிக்குள்ளேயே உள்ள பலவீனத்துக்கு அந்த விதி ஓரளவு பொருந்தும். அது ஓரிரு நாட்களில் இறுகிவிடும். இறகுப் படிகமும் சர்க்கரைப் பனியும் வாரக்கணக்கில், சில குளிர்காலங்களில் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். ஆகவே குளிர்காலத்தின் முதல் நாளிலிருந்தே பனியின் வரலாற்றைக் குறித்துவைக்கிறோம்: எந்தத் தேதியில் பெய்தது, எத்தனை நாள் தெளிந்தது, காற்று எத்திசை. மலைக்குப் போகாத நாட்களிலும் இந்தக் குறிப்பேட்டை நான் நிரப்புகிறேன். வசந்தத்தில் வேறு கணக்கு: அங்கே எதிரி வெயில். இரவில் உறையாத பனி பகலில் நீரால் தளர்ந்து விழும். விடியுமுன் புறப்பட்டு, பனி காலடியில் கணுக்கால் அளவு அமிழத் தொடங்குவதற்குள் இறங்கிவிடுவதே அதற்கு வழி.

பனிச்சரிவில் சிக்கும்போது விரிந்து மேலே மிதக்க உதவும் காற்றுப்பை கொண்ட முதுகுப்பை வாங்கலாமா என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். விரிந்த காற்றுப்பை, கடுமையாகச் சிக்கியவர்களின் இறப்பை 22 சதவீதத்திலிருந்து 11 சதவீதமாகக் குறைத்ததாக 2014-இல் ஓர் ஆய்வு வெளியானது. வாங்குங்கள். ஆனால் சரிவின் கீழே ஓடைக்குழிவில் நிற்பவருக்கு அது அதிகம் உதவாது. கைபேசியையும் பிற மின்கருவிகளையும் பீக்கனிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். தேடும்போது 50 சென்டிமீட்டர். இது செலவில்லாதது, பலரும் செய்யாதது.

குழுவில் நாங்கள் செய்த மாற்றமே எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. காலையில் புறப்படும் முன், இன்று எந்த அறிகுறியைக் கண்டால் திரும்புவோம் என்பதை ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்கிறோம். மிக இளையவர் முதலில், மூத்தவர் கடைசியில். யாரேனும் ஒருவர் வேண்டாம் என்றால் நால்வரும் திரும்புவோம், காரணம் கேட்பதில்லை. இந்த ஏற்பாட்டை முன்வைத்தவர் அண்ணனே. தன் சொல்லுக்குப் பிறகு யாரும் பேசவில்லை என்பது அந்த ஓராண்டு முழுவதும் அவரை வருத்தியது.

அடுத்த குளிர்காலத்தில் அதே பள்ளத்தாக்குக்கு நால்வரும் சென்றோம். மரங்கள் அடர்ந்த முகட்டுவழியாக, 25 டிகிரியைத் தாண்டாத பாதையில் ஏறினோம். அந்தச் சரிவில் அன்றும் யாரோ இறங்கிய தடங்கள் இருந்தன. அந்தக் குழிவின் விளிம்பில் இளையவன் சற்று நிற்கலாமா என்று கேட்டான். கரையில் இருந்த இளமரங்களின் மேற்பக்கக் கிளைகள் முறிந்திருந்தன. சில தண்டுகள் பள்ளத்தை நோக்கிச் சாய்ந்திருந்தன. பனிச்சரிவுகள் விட்டுச்செல்லும் அடையாளம் அது. முந்தைய ஆண்டும் அவற்றுள் சில அப்படித்தான் இருந்திருக்க வேண்டும், நாங்கள் பார்த்திருக்கவில்லை. பிறகு மரங்களுக்கிடையே பாதுகாப்பான ஒரு திறந்தவெளியைத் தேர்ந்தெடுத்து, ஒலிபரப்பும் பீக்கனை ஒரு பைக்குள் வைத்து ஒரு மீட்டர் ஆழத்தில் புதைத்தோம். அண்ணன் நேரம் பார்த்தார். எல்லோரும் கருவியை மாற்றிவிட்டதை ஒவ்வொருவராகக் குரல் கொடுத்து உறுதிசெய்த பிறகு இளையவன் தேடத் தொடங்கினான். கம்பி பையைத் தொட்டதும், கீழ்ப்பக்கம் ஒன்றரை மீட்டர் நகர்ந்து நின்று என்னை முன்னால் வெட்டச் சொன்னான். பையை வெளியே எடுத்தபோது ஏழு நிமிடங்கள் ஆகியிருந்தன. "இன்னொரு தடவை பண்ணலாம்" என்றான். இம்முறை புதைக்கும் இடத்தைத் தோழி தேர்ந்தெடுத்தார்.